விவரம் தெரிந்தவர்களே ஏன் கருத்தில் அதிகம் பிரிகிறார்கள்?

1988 ஜூன் மாதம், அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன், பூமி சூடாகத் தொடங்கிவிட்டது என்று சாட்சி சொன்னார். அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் நின்ற குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் விளைவுக்கு எதிராக நடவடிக்கை எடுப்பேன் என்று பிரசாரத்தில் வாக்குறுதி கொடுத்தார். வென்றார், 1992-இல் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டார். அப்புறம் 30 ஆண்டுகளில் ஆதாரங்கள் குவிந்துகொண்டேதான் போயின. ஆனால் 2022-இல் காலநிலைக்காகப் பெருந்தொகை ஒதுக்கிய சட்டம் வந்தபோது, இரு அவைகளிலும் குடியரசுக் கட்சியின் ஒரு வாக்குகூட அதற்கு விழவில்லை.

மக்களுக்கு விவரம் போய்ச் சேரவில்லை என்றுதான் பலரும் இதற்குக் காரணம் சொல்வார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினேன். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் டான் கஹானும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அமெரிக்கர்கள் 1,500-க்கும் மேற்பட்டோரிடம் அறிவியல் அறிவையும் கணக்குத் திறனையும் அளந்து, காலநிலை ஆபத்து பற்றிய கருத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விவரம் தெரியத் தெரிய எல்லோரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. உலகப் பார்வையில் எதிரெதிராக நிற்பவர்களிடையே, திறன் கூடக்கூட இடைவெளியும் கூடியது.

தனி மனிதரின் இடத்திலிருந்து யோசித்தால் இது புரியும். கார்பன் பற்றி நான் என்ன நினைத்தாலும் வளிமண்டலத்தில் ஒன்றும் மாறாது. ஆனால் என் கூட்டத்துக்கு எதிராக நான் பேசினால் நாளைக்கே நட்பும் மரியாதையும் போகும். ஆகவே மனம் தன் புத்தியையெல்லாம் தன் தரப்பைக் காப்பாற்றத் திருப்பிவிடுகிறது. புத்தி அதிகம் உள்ளவர் இன்னும் நேர்த்தியாக வாதாடுவார். இதில் வேதனையான விஷயம், நாம் அப்படிச் செய்வது நமக்கே தெரியாது என்பதுதான். 2003-இல் உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் ஒரு சோதனை செய்தார். மக்கள்நலத் திட்டம் ஒன்றைக் கட்சிப் பெயரை மாற்றி மாற்றிக் காட்டினார். திட்டத்தில் என்ன இருந்தாலும், தங்கள் கட்சி ஆதரிப்பதாகச் சொல்லப்பட்டதையே மாணவர்கள் ஆதரித்தார்கள். கேட்டால், உள்ளடக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள்.

இந்தப் பிளவு ஆட்சிக்குள் போகும்போது இன்னொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் 2012 ஜூலையில் கார்பனுக்கு விலை வைத்தார்கள், அதாவது அதிகமாக வெளியிடும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆட்சி மாறியது, 2014 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா 2020-இல் வெளியேறி, 2021-இல் திரும்பி, 2025-இல் மறுபடியும் விலகலை அறிவித்தது. ஒரு மின்நிலையம் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். நான்கு ஆண்டுக்கொரு முறை விதி மாறினால் அதில் யார் பணம் போடுவார்கள்? வளிமண்டலமோ காத்திருப்பதில்லை. வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் தங்கிவிடும். காற்றில் அதன் அளவு 1958-இல் பத்து லட்சத்துக்கு சுமார் 315 பங்காக இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வீணாகப் போன பத்தாண்டின் கார்பனும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

சரி, இதற்கு மாற்று இல்லையா? பிரிட்டன் 2008-இல் கொண்டுவந்த காலநிலைச் சட்டத்தை எதிர்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதன்படி, ஐந்தாண்டு கார்பன் வரம்புகளைப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நிர்ணயிக்க வேண்டும். அரசுக்கு ஆலோசனை சொல்ல ஒரு சுயேச்சையான நிபுணர் குழு உண்டு. அடுத்த தேர்தலைத் தாண்டி யோசிக்க வைக்கும் அமைப்பு அது. ஆனால் அந்த ஒருமித்த கருத்தும் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. ஆட்சிக்கு வந்தால் சட்டத்தையே நீக்குவோம் என்று கன்சர்வேடிவ் கட்சித் தலைமை 2025-இல் அறிவித்துவிட்டது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது அயர்லாந்து செய்த காரியம். அங்கே மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும்படி 99 சாதாரண மக்களைத் தேர்ந்தெடுத்து, 2017-இல் இரண்டு வார இறுதிகளில் காலநிலை பற்றி நிபுணர்களிடம் கேட்க வைத்தார்கள், சிறு குழுக்களாகப் பேச வைத்தார்கள். கட்சிக்காகப் பேச வேண்டிய கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை. கடைசியில் நடந்த வாக்கெடுப்பில், அதிகக் கார்பன் வெளியிடும் செயல்களுக்குக் கூடுதல் வரி கட்டத் தயார் என்று 80 சதவீதம் பேர் சொன்னார்கள். கார்பன் வரி 2030 வரை ஆண்டுதோறும் எவ்வளவு ஏறும் என்பதை அந்நாடு 2020-இல் சட்டத்திலேயே எழுதிவைத்தது.