மஞ்சள் பொட்டிலிருந்து வெள்ளை வெளிச்சம்

பழுதான எல்இடி பல்பின் மூடியைக் கழற்றிப் பார்த்த ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "உள்ளே இருந்ததெல்லாம் மஞ்சள் பொட்டுகள்தான். அப்படியானால் வகுப்பறைக்கு வெள்ளை வெளிச்சம் எங்கிருந்து வந்தது?" கைப்பேசியின் ஃபிளாஷை அணைத்துவிட்டு உற்றுப் பாருங்கள்; அங்கேயும் பெரும்பாலும் அதே மஞ்சள்தான்.

குண்டு பல்பின் கதை தெரிந்ததுதான். இழை பழுக்கக் காய்ந்து ஒளிர்கிறது. வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. அது 60 வாட்டில் தரும் வெளிச்சத்தை எல்இடி 8, 9 வாட்டில் தந்துவிடும். இங்கே எதையும் காய்ச்ச வேண்டியதில்லை. குறைக்கடத்திச் சில்லுக்குள் எலக்ட்ரான் ஒரு துளையில், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடத்தில், விழும்போது விடும் ஆற்றலே ஒளியாக வருகிறது.

ஆனால் அந்தச் சில்லு தருவது நீல ஒளி, அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். அதன்மேல் மஞ்சளாகப் பூசியிருப்பது பாஸ்பர், ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் விடும் பொருள். பெரும்பாலும் சீரியம் என்ற உலோகம் சிறிது கலந்த ஒரு படிகத்தின் தூள். நீல ஒளித்துகள் ஒன்று சீரியம் அயனியில் சிக்குகிறது. அங்குள்ள எலக்ட்ரான் மேலே தாவுகிறது. தாவியதும் ஆற்றலில் கொஞ்சத்தைச் சுற்றியுள்ள படிகத்துக்கு அதிர்வாகக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒளியாக விட்டபடி கீழே இறங்குகிறது. ஆற்றல் குறைந்த அந்த ஒளி இனி நீலமாக இருக்க முடியாது, மஞ்சளாகிவிடுகிறது. எல்லா நீலமும் சிக்குவதில்லை, கொஞ்சம் தப்பி வருகிறது. தப்பிய நீலமும் புதிதாகப் பிறந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணில் விழுந்தால் நமக்கு வெள்ளை! பெயின்டில் இவ்விரண்டையும் கலந்தால் பச்சைதான் வரும். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு 1990-களின் தொடக்கம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நீல ஒளி தரும் குறைக்கடத்தியான காலியம் நைட்ரைடைப் பலரும் கைவிட்டபோதும் விடாமல் பிடித்திருந்த விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே பலன் கேட்கும் ஆய்வு நிதியை நம்பி இப்படிப்பட்ட வேலையில் யாரும் இறங்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சரி, வகுப்பறைக்கு வருவோம். நீலமும் மஞ்சளும் மட்டும் என்றால் சிவப்பு குறைந்துவிடும். விடைத்தாளில் சிவப்பு மை மங்கித் தெரியும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (CRI) எண்ணைப் பாருங்கள்; நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரையிலான மதிப்பெண் அது. 80-க்குக் கீழே இருந்தால் வேண்டாம். ஓவிய வகுப்புக்கு 90 நல்லது. அப்புறம், ஜன்னலோர வரிசை விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். வெயில் உள்ளே வரும் நேரத்தில் அந்த வரிசையை மட்டும் அணைத்துவிடலாம்.