கிருபைபொருந்தின வசனம்: சொல் விளக்கம்

"உங்கள் வசனம் எப்பொழுதும் கிருபைபொருந்தினதாயும் உப்பால் சாரமேறினதாயும் இருப்பதாக" (கொலோசெயர் 4:6). மனப்பாடமாகச் சொல்பவர்கள் பலர். ஆனால் இதிலுள்ள சில சொற்களின் வழக்கு இன்று மாறிவிட்டதால், இந்தக் கடிதத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் சொன்னது வேறாகவும் நாம் எடுத்துக்கொள்வது வேறாகவும் போய்விடுகிறது.

'வசனம்' வடமொழிச் சொல். சொல்லப்படுவது, பேச்சு என்று பொருள். மூலத்தில் கிரேக்கச் சொல் 'லோகோஸ்'. இன்று சபையில் வசனம் என்றாலே வேத வாக்கியம்தான். அதனால் பேச்சுக்குப் பேச்சு வேத வாக்கியம் சொல்லவேண்டும் என்று இதைப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. பவுல் சொல்வதோ அன்றாடப் பேச்சை. முந்தைய வசனமே "புறம்பேயிருக்கிறவர்களுக்கு முன்பாக ஞானமாய் நடந்து" என்று தொடங்குகிறது. இதே வசனத்தின் தொடக்கமான "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவுசொல்லவேண்டுமென்று" என்பதில் வரும் 'உத்தரவு' என்பதும் கட்டளை அல்ல, மறுமொழி.

'கிருபை' வடமொழி 'க்ருபா'விலிருந்து வந்தது, இரக்கம், தயை. கிரேக்கத்தில் 'காரிஸ்'. அது மகிழ்ச்சியைக் குறிக்கும் 'காரா' என்ற சொல்லுக்கு உறவு. தயவு, இனிமை, நன்றி என்று பல பொருள் தாங்கும். எபேசியர் 4:29-இல் "கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி பேசுங்கள்" என்று படிக்கிறோமே, அங்கும் மூலத்தில் இருப்பது 'காரிஸ்'தான்: கேட்பவருக்குக் கிருபை அளிக்கும்படி. அதே வசனத்தின் 'கெட்டவார்த்தை' வசைச்சொல் மட்டுமல்ல. 'சப்ரோஸ்' என்றால் அழுகியது. மத்தேயு 13:48-இல் வலையிலிருந்து எறியப்படும் ஆகாத மீன்களுக்கும் இதே சொல். புறணியும் குத்தலும் இதில் அடங்கும்.

கிருபைக்கு நேர்த் தமிழ் 'அருள்'. கத்தோலிக்கர் "அருள் நிறைந்த மரியே" என்று செபிக்கிறார்கள். ஆனால் பேச்சைப் பற்றிச் சொல்லும்போது 'கனிவான பேச்சு', 'இன்சொல்' என்பவையே பொருந்தும். இன்சொல் என்றால் வெறும் தேன்பேச்சு என்று நினைக்கவேண்டாம். குறள் 91 அதற்கு அன்பின் ஈரம், வஞ்சமின்மை, மெய்ப்பொருள் அறிந்த வாய் என மூன்றையும் கேட்கிறது. பவுலின் கருத்துக்கு இவ்வளவு நெருங்கிய தமிழ்ச்சொல் வேறில்லை என்பது என் கருத்து.

'சாரமேறின' என்பது சமையல் சொல், சுவையூட்டிய என்று பொருள். கிரேக்கர் சாதுரியமான பேச்சையும் உப்பு என்றார்கள். ஆகவே சாரமில்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது கிருபையான பேச்சு ஆகாது.

பக்கத்து வீட்டு அக்கா கோவில் பிரசாதம் நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பிடுவதா என்பது 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களைப் படித்து அவரவர் மனச்சாட்சி தீர்மானிக்கவேண்டியது. வேண்டாம் என்று தீர்மானித்தவர் சொல்லக்கூடியது: "எங்களையும் நினைச்சுக் கொண்டுவந்தீங்களே அக்கா, ரொம்ப சந்தோஷம். படைச்சதை நாங்க சாப்பிடுறதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்." முதலில் அவர் அன்புக்கு நன்றி, பிறகு நம் நிலை ஒரே வரியில், அதோடு உறவு அறாமல் ஓர் அழைப்பு. அவர் தெய்வத்தைப் பழித்தால் ஈரம் போயிற்று. சிரித்தபடி வாங்கிப் பின்பக்கம் கொட்டினால் அது வஞ்சம். இரண்டாவதைப் பலர் பண்பு என்றே நினைக்கிறார்கள். அது வருத்தமான விஷயம்.

"அவனவனுக்கு இன்னின்னபடி" என்று பவுல் சொல்வதால் எல்லாருக்கும் ஒரே பதில் செல்லாது. துக்க வீட்டில் முதல் மணி நேரத்திலேயே "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்வது பெரும்பாலும் காயத்தைக் கீறும். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவர் செய்த ஒரு நன்மையை நினைவுகூர்ந்து, "ராத்திரிச் சாப்பாடு நாங்க கொண்டுவர்றோம்" என்றால் போதும். வேத வாக்கியத்தை அவர்களே கேட்கும் நாளில் சொல்லலாம்.