ஒரு பிட் என்பது எவ்வளவு?

'கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்' என்று சொன்னால் யாரும் அளவுகோலை எடுப்பதில்லை. அந்தக் 'கொஞ்சம்' அளவைச் சொல்ல வந்ததல்ல. கேட்கிற தொனியைத் தணிக்க வந்தது. ஆங்கிலத்தில் இதே வேலையை 'பிட்' என்ற சொல் செய்கிறது. துணுக்கு, சிறிதளவு, சற்று நேரம் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இப்படி வழுக்கும் ஒரு சொல், அறிவியலின் மிகக் கறாரான அலகுகளில் ஒன்றுக்கும் பெயராகிவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் அது கடித்தெடுத்த துண்டைக் குறித்தது. கடித்தல் என்ற வினையோடு பிறந்த சொல். நம்முடைய 'பிட்டு வைப்பது' நினைவுக்கு வரலாம். அது வெறும் ஒலி ஒற்றுமைதான். உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கும் வடமொழிக்கும் பொதுவான, பிளத்தலைக் குறிக்கும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்து, வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தவை பேதம், பின்னம் என்ற சொற்கள்.

கணினியின் பிட் பிறந்த கதை தனி. 'பைனரி டிஜிட்', அதாவது 0 அல்லது 1 என்ற இரும இலக்கம் என்பதை அமெரிக்கக் கணிதவியலர் ஜான் டூக்கி 'பிட்' என்று சுருக்கினார். 1948-இல் வெளியான, தகவல்தொடர்பின் கணிதம் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வுக்கட்டுரையில் கணிதவியலர் கிளாட் ஷானன், தகவலை அளக்கும் அலகுக்குப் பெயராக அச்சொல்லை டூக்கியின் பெயரோடு எடுத்தாண்டார்.

அது எதை அளக்கிறது? சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் ஒன்றை நான் மனத்தில் நினைத்துக்கொள்கிறேன். 'மேல் பாதியில் உள்ளதா?' என்கிறீர்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் மிஞ்சுவது 32 கட்டங்கள். அடுத்த கேள்வியில் 16, பிறகு 8, 4, 2, 1. ஆறாவது பதிலில் கட்டம் சிக்கிவிடும். ஆகவே, அந்த ரகசியம் 6 பிட். சந்தேகத்தைச் சரிபாதியாக வெட்டும் ஒவ்வொரு பதிலும் ஒரு பிட். இருபது கேள்விகள் கிடைத்தால் 10,48,576 பொருள்களில் ஒன்றைப் பிடித்துவிடலாம்!

பிட்டுக்கும் பின்னம் உண்டு. பத்துக்கு ஒன்பது முறை தலையே விழும் நாணயத்தைச் சுண்டினால் கிடைக்கும் தகவல் சராசரியாக 0.47 பிட்தான். எதிர்பார்த்த சேதியில் என்ன புதுமை இருக்கிறது?

கணினியின் தற்காலிக நினைவகத்தில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் நிற்கும் மின்னூட்டம். அது இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். படித்தாலும் காலியாகிவிடும். அதனால் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை படித்து, மறுபடி நிரப்புகிறார்கள். தவறினால் ஒன்றுக்கும் சுழிக்கும் உள்ள பேதம் கரைந்துவிடும்.

இப்போது எட்டு பிட்டுகளைச் சேர்த்து 'பைட்' என்கிறோம். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணினி அறிவியலர் வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்த பெயர் அது. கடி என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத்தான் (bite) எடுத்தார். கை தவறி ஓர் எழுத்து விடுபட்டால் அது 'பிட்' (bit) ஆகிவிடுமே என்று எழுத்துக்கூட்டலை மட்டும் byte என்று மாற்றிவைத்தார்.