யூரின் ஆல்புமின் 'நில்': எந்த டெஸ்டில்?

சர்க்கரை நோயாளியின் ரிப்போர்ட்டில் 'யூரின் ஆல்புமின்: நில்' (சிறுநீரில் ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் இல்லை) என்று இருந்தால், அது சிறுநீரில் முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் பார்த்ததா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஸ்ட்ரிப்பின் மஞ்சள் கட்டத்தில் டெட்ராபுரோமோஃபீனால் புளூ என்ற நிறமி இருக்கிறது. கூடவே, அமிலத்தன்மையை (பிஎச் 3) மாறாமல் வைத்திருக்கும் பஃபர் என்ற வேதிக்கலவை. ஆல்புமின் வந்து நிறமியைப் பற்றிக்கொண்டால் மஞ்சள் பச்சையாகும். அளவு கூடக்கூட நீலம் ஏறும். ஸ்ட்ரிப்பைச் சிறுநீரில் முக்கிய உடனே வெளியே எடுத்து, ஓரத்தை டிஷ்யூவில் ஒற்றி, பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளில் 60 விநாடியில் டப்பாவின் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிறுநீரிலேயே ஊறவிட்டால் பஃபர் கரைந்துபோய், புரதமே இல்லாவிட்டாலும் பச்சை காட்டும். நெடுநேரம் வெளியே கிடந்த சிறுநீரிலும் இதே கோளாறு வரும்: கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக்கிவிடுவதால் காரத்தன்மை ஏறிவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், ஸ்ட்ரிப் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது என்பது. ஒருவருக்குச் சிறுநீரகத்திலிருந்து நாளைக்கு 300 மி.கி. ஆல்புமின் சிறுநீரில் கசிகிறது என்று வையுங்கள். 1 லிட்டர் சிறுநீர் போனால் டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 30 மி.கி.; ஸ்ட்ரிப் 1+ காட்டும். அவரே நிறையத் தண்ணீர் குடித்து 3 லிட்டர் போனால் 10 மி.கி.தான், 'நில்' என்று வந்துவிடலாம். சிறுநீரகம் அதேதான், கசிவும் அதேதான்!

இதற்குத்தான் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில், சுமார் 1 கிராம், வெளியேறுகிறது. தண்ணீர் கூடினால் இரண்டும் சேர்ந்தே நீர்த்துப்போகும், விகிதம் அசையாது. மேலே சொன்னவருக்கு இரண்டு நாளும் கிராமுக்கு 300 மி.கி. என்றே வரும். 30-க்குக் கீழே இயல்பு, 30 முதல் 300 வரை மிதமான கசிவு, அதற்கு மேல் கடுமையானது. சர்க்கரை நோயின் ஆரம்பக் கசிவு பெரும்பாலும் ஸ்ட்ரிப்பின் கண்ணில் படாது, இதில் சிக்கும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் நல்லது. காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருக்கும்போது கொடுக்க வேண்டாம். ஒருமுறை கூடுதலாக வந்தால் முடிவுகட்டாமல், 3 மாதத்துக்கு மேலும் நீடிக்கிறதா என்று திரும்பப் பார்க்க வேண்டும். மெலிந்த முதியவருக்குக் கிரியேட்டினின் குறைவு என்பதால் விகிதம் ஏற்றிக் காட்டும். தசை மிகுந்தவருக்கு இறக்கிக் காட்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு 24 மணி நேரச் சேகரிப்பு உதவும். காலை 7 மணிச் சிறுநீரைக் கழிவறையில் போக்கிவிட்டு, அதற்குப் பிறகு போவது எல்லாவற்றையும், மறுநாள் 7 மணிச் சிறுநீர் உட்பட, கேனில் பிடிக்க வேண்டும். மொத்தப் புரதம் 150 மி.கி.க்குள் இருந்தால் இயல்பு. நடுவில் ஒருமுறை விட்டுப்போனாலும் கணக்கு குறைந்துவிடும். அதனால் அதே கேனில் கிரியேட்டினினையும் அளந்து, சேகரிப்பு முழுமையா என்று சரிபார்ப்பார்கள்.

ஸ்ட்ரிப்பும் ஆல்புமின் விகிதமும் கோட்டைவிடுகிற புரதமும் ஒன்று உண்டு: மையலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வரும் லைட் செயின் (ஆன்டிபாடியின் ஒரு துண்டு). இதை 3% சல்ஃபோசாலிசிலிக் அமிலம் கலங்கலாக்கிக் காட்டிக்கொடுக்கும். ஸ்ட்ரிப் 'நில்', அமிலத்தில் கலங்கல் என்றால், அண்மையில் ஸ்கேனுக்கு அயோடின் மருந்து ஏற்றினார்களா என்று கேட்க வேண்டும், அதுவும் கலங்கும். இல்லையென்றால் அடுத்தது, புரதங்களை மின்சாரத்தால் வகைபிரித்துப் பார்க்கும் எலெக்ட்ரோஃபோரெசிஸ்.