ஆறாம் வகுப்பில் 15 பீரியட்: போதைத் தடுப்பின் வரவும் செலவும்

ஜூன் 26 வந்தால் பள்ளிகளில் உறுதிமொழி, பேரணி, புற்றுநோய் பிடித்த வாயின் படம், காவல் அதிகாரி ஒருவரின் உரை. அன்றோடு அந்த ஆண்டுக் கடமை முடிந்துவிடுகிறது. எல்லாம் நல்ல எண்ணத்தில் நடப்பவைதான். ஆனால் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் இந்த முறை எடுபடாது. பயமுறுத்தல், வெறும் சொற்பொழிவு, போதையிலிருந்து மீண்டவரை மேடையேற்றிப் பேசவைத்தல் ஆகியவற்றை ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகம் வெளியிட்ட தரநெறிகள் பலன் தராதவற்றின் வரிசையில்தான் வைத்திருக்கின்றன.

பணக்கணக்கும் அதையே காட்டுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பொதுக்கொள்கை ஆய்வு நிறுவனம் 2004இல் இத்தகைய திட்டங்களின் வரவு செலவைக் கணக்கிட்டது. காவலர் வகுப்புக்கு வந்து பாடம் நடத்தும் 'டேர்' திட்டத்துக்கு ஒரு மாணவருக்கு 99 டாலர் செலவு, பலன் பூஜ்யம். 'லைஃப் ஸ்கில்ஸ் டிரெய்னிங்' என்ற வகுப்பறைப் பயிற்சிக்கு 29 டாலர். அதனால் பிற்காலத்தில் மிச்சமாகும் பலன் 746 டாலர். அங்குள்ள சம்பளமும் மருத்துவச் செலவும் வேறு என்பதால் இந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது. எது லாபம், எது நஷ்டம் என்பதைப் பார்த்தால் போதும்.

எந்த வகுப்பிலும் பெரும்பாலான பிள்ளைகள் பயிற்சி இல்லாமலே போதைக்கு அடிமையாகப் போவதில்லை. பலன் கிடைப்பது மிகச் சிலருக்கு. அந்தச் சிலரின் சிகிச்சை, இழந்த சம்பளம், வழக்கு, குடும்பத்தின் கடன் எல்லாம் சேரும்போது தொகை பெரிதாகிறது. தொடக்கத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டாலே லாபம்தான். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேலானோர் வாழ்நாளில் குடிக்கு அடிமையாகியிருந்தனர். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் சுமார் 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்கும் பிள்ளைக்கு வீட்டில் வேறு துயரமும் இருக்கலாம் என்பதால் வயது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நாம் மாற்றக்கூடியவற்றில் அதுவும் ஒன்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செலவு பள்ளியின் தலையில், இன்று. மிச்சமாவது மருத்துவமனைக்கும் குடும்பத்துக்கும், 10, 15 ஆண்டு கழித்து. அதனால்தான் எந்தத் துறையும் இதைத் தன் செலவாக எடுத்துக்கொள்வதில்லை.

எந்த வகுப்பில் தொடங்குவது? 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 8.5 விழுக்காட்டினர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். வாயில் போடும் புகையிலையைத் தொட்டவர்களில் பாதிக்கும் மேலானோர் 10 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருந்தால் தாமதம். ஆறாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

மேலே சொன்ன அமெரிக்கப் பயிற்சியின் அளவு: முதல் ஆண்டு 15 பீரியட், இரண்டாம் ஆண்டு 10, மூன்றாம் ஆண்டு 5. நடத்துபவர் பயிற்சி பெற்ற வகுப்பாசிரியராக இருக்கலாம். போதைப்பொருள் பற்றிய தகவல் இதில் கொஞ்சம்தான். கோபத்தையும் பதற்றத்தையும் கையாள்வது, முடிவெடுப்பது, நண்பனைப் பகைக்காமல் மறுப்பது ஆகியவைதான் பெரும்பகுதி. "ஒரு தடவை போட்டுப் பாருடா, ஒண்ணும் ஆகாது" என்று ஒருவன் உதட்டுக்குள் வைக்கும் புகையிலையான கூல் லிப்பை நீட்ட, மற்றவன் மறுத்துவிட்டு நகர வேண்டும். இதை ஒவ்வொரு பிள்ளையும் வாய்விட்டு, எழுந்து நின்று, பலமுறை செய்து பார்க்க வேண்டும். "எல்லாரும் போடுறாங்க" என்ற நினைப்பையும் உடைக்க வேண்டும்: 8.5 விழுக்காடு என்றால் 40 பேர் வகுப்பில் மூன்று, நான்கு பேர், மற்றவர்கள் தொடுவதில்லை.

கெட்டுப்போவதும் இந்த இடத்தில்தான். 60 பேர் வகுப்பில் நடித்துப் பார்க்க நேரமில்லை என்று ஆசிரியர் அதைப் பாடமாகச் சொல்லிவிடுகிறார். பலன் அங்கேயே போய்விடுகிறது. 10 பேர் குழுவாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யவைத்தால் சமாளிக்கலாம். தேர்வு நெருங்கும்போது மீதிப் பீரியட்கள் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகின்றன. ஆகையால் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே பாதிக்கு மேல் முடித்துவிடுங்கள். இன்னொரு தவறு, எந்தப் பசையை முகர்ந்தால் என்ன ஆகும், எந்த மாத்திரை எப்படி இருக்கும் என்று விளக்கிக் காட்டுவது. அது தெரியாத பிள்ளைக்கும் வழிகாட்டிவிடும்.

வீட்டிலும் ஒரு வழக்கத்தை நிறுத்த வேண்டும்: "அப்பாவுக்கு ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்புவது. 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு அபராதம் வெறும் 200 ரூபாய் வரைதான். ஆனால் பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆவது பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. புகார் எழுதும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

ஒரு மாணவனின் பையில் பொட்டலம் கிடைத்தால், காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்தாதீர்கள், டிசி கொடுக்காதீர்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கு அந்தக் கூட்டாளிகள் மட்டும்தான் மிச்சம். வகுப்பாசிரியர் தனியாகப் பேசட்டும். பிறகு பெற்றோரை அழைத்து, பிள்ளையை அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடட்டும். வாயில் போடும் பழக்கமென்றால் ஈறையும் உதட்டின் உட்புறத்தையும் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புகையிலையை நிறுத்தியதும் எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் சில நாள் கடுமையாக இருக்கும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் மதிப்பெண் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது. புகையிலைக்கு 1800-11-2356, மற்ற போதைக்கு 14446, மன நெருக்கடிக்கு 14416 ஆகியவை கட்டணமில்லாத எண்கள்.