துப்பாக்கிக் குழல் ஆடட்டும், நேரம் பார்த்து ஆடட்டும்

ரைஃபிள் குழலைக் கையில் பிடித்துப் பார்த்தால், இதாவது வளைவதாவது என்றுதான் தோன்றும். ஆனால் சுடும்போது அது நிஜமாகவே நெளிகிறது. ஒரு முனை துப்பாக்கியின் உடலில் இறுகியிருக்கிறது. மறுமுனைக்குப் பிடிப்பே இல்லை. மேசை விளிம்பில் நீட்டிவைத்துச் சுண்டிய ஸ்கேல் மாதிரிதான்.

சுண்டுவது பின்னுதைப்பு. உதை குழலின் நேர்க்கோட்டில் வருகிறது. துப்பாக்கியின் எடை மையமும் தோளில் பதியும் இடமும் அதற்குக் கீழே இருக்கின்றன. அதனால் துப்பாக்கி நேராகப் பின்வாங்காமல் மூக்கைத் தூக்கப் பார்க்கிறது, குழல் வளைந்து ஆடத் தொடங்குகிறது. குண்டு வெளியேறும் நொடியில் குழல்வாய் எங்கே பார்க்கிறதோ, எப்படி நகர்கிறதோ, அதுவே அதன் பாதை.

சரி, ஆட்டத்தையே நிறுத்திவிட்டால்? தடித்த குழல் உதவும். விட்டம் இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய 16 மடங்காகும். எடை கூடும், ஆட்டம் குறையும், நிற்காது. தவிர, முழுக்க நிற்பது நமக்கு நல்லதும் அல்ல. சுவாரசியமே இங்கேதான்.

ஒரே பெட்டித் தோட்டாக்கள்கூட ஒரே வேகத்தில் பாய்வதில்லை. .22 ரிம்ஃபயர் என்ற சிறிய வகைத் தோட்டாவில் ஒன்று நொடிக்கு 330 மீட்டர், அடுத்தது 320 என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டர் தூரத்தில் மெதுவான குண்டு சுமார் 7 மி.மீ. கீழே படும். ஒலிம்பிக் 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்! குழல் அசையாமல் இருந்தால் இந்தப் பிழை அப்படியே இலக்கில் விழும்.

ஆனால் மெதுவான குண்டு குழலைவிட்டுச் சற்றுத் தாமதமாகத்தானே வெளியே வரும்? குண்டு உள்ளே இருப்பதே இரண்டு மூன்று மில்லி நொடி. தாமதம் அதில் மிகச் சிறு துளி. அந்தத் துளி நேரத்தில் குழல்வாய் மேலேறிக்கொண்டிருந்தால், மெதுவான குண்டு கொஞ்சம் உயர்ந்த கோணத்தில் கிளம்பும். தேவைப்படும் கூடுதல் கோணம் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு குண்டும் ஒரே உயரத்தில் போய்ச் சேரும். வாய் இறங்கும் நேரமாக அமைந்துவிட்டால் பிழை இன்னும் பெரிதாகும்.

ட்யூனர் செய்வது இந்த நேரத்தைப் பொருத்துவதைத்தான். குழல் நுனியில் திருகும் ஒரு எடை, பக்கவாட்டில் அளவுக் கோடுகள். வெளியே தள்ளினால் ஆட்டம் மெதுவாகும், உள்ளே இழுத்தால் வேகமாகும். பிரௌனிங் நிறுவனம் 1990களில் 'பாஸ்' என்ற பெயரில் வேட்டை ரைஃபிள்களுக்கும் இதைக் கொண்டுவந்தது.

பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய லீ என்ஃபீல்ட் ரைஃபிளில் இந்த ஈடுகட்டல் ட்யூனர் இல்லாமலே தானாக அமைந்தது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருந்ததால் துப்பாக்கியின் உடல் அதிகம் வளைந்து கொடுத்தது. கிட்டத்தில் சுமாராகச் சுட்ட துப்பாக்கி 900, 1000 கெஜத்தில் பேர் வாங்கியது. காரணம், ஈடுசெய்யும் கணக்கு ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் பொருந்தும். 50 மீட்டருக்கு ட்யூன் செய்தது 100 மீட்டருக்குச் சரிவராது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ட்யூனரின் ஒவ்வொரு அளவுக் கோட்டிலும் மூன்றே குண்டு சுட்டு, குண்டுகள் மிக நெருங்கி விழுந்த கோடே சரி என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். மூன்று குண்டுகள் தற்செயலாகவும் நெருங்கி விழும். வேறொரு நாள் அதே கோட்டுக்குத் திருப்பி இன்னும் நிறையக் குண்டுகள் சுட்டு, மறுபடி அதே முடிவு வந்தால்தான் ட்யூனரை நம்பலாம்.