சோயா வயலில் பொட்டாஷ்: குளோரைடா, சல்ஃபேட்டா?

ஒரு டன் சோயா விதை வயலை விட்டு வெளியேறும்போது, உரக் கணக்கின்படி ஏறத்தாழ 20 கிலோ சாம்பல் சத்தையும் (பொட்டாஷையும்) மண்ணிலிருந்து எடுத்துச் செல்கிறது. இலைத்துளைகளைத் திறந்து மூடுவதிலும், இலை தயாரிக்கும் சர்க்கரையை வேர்முடிச்சுகள் வரை கொண்டு சேர்ப்பதிலும் இச்சத்துக்குப் பங்குண்டு. அந்தச் சர்க்கரை குறைந்தால் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் குறைகிறது.

எந்த உரத்தை இட்டாலும் வேர் உறிஞ்சுவது ஒரே பொட்டாசியம் அயனியைத்தான். வேறுபாடு அதனுடன் வருவதில் இருக்கிறது. மலிவான மியூரியேட் ஆஃப் பொட்டாஷில், அதாவது பொட்டாசியம் குளோரைடில், (உர வழக்கப்படி பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிட்டால்) 60 சதவீதம் பொட்டாஷுடன் சுமார் 47 சதவீத எடை குளோரைடாக உள்ளது. விலை கூடிய சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷில் 50 சதவீதம் பொட்டாஷும் 17 முதல் 18 சதவீதம் கந்தகமும் உள்ளன.

பயிருக்குக் குளோரைடு சிறிதளவே போதும். மிகுந்தால் அது நீரோட்டத்துடன் இலைக்கு ஏறி ஓரங்களைக் கருக்குகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில், வடிகால் குறைந்த அட்லாண்டிக் கடலோரச் சமவெளி நிலங்களில் 1980களின் தொடக்கத்தில் ஆராயப்பட்டது இந்தச் சிக்கல்தான். 'லீ' போன்ற ரகங்கள் குளோரைடை இலைக்கு ஏறவிடாமல் தடுக்கின்றன, 'ஜாக்சன்' போன்றவை தடுப்பதில்லை. இந்த வேறுபாட்டை ஒரே மரபணு ஆள்கிறது என்பது 1969இலேயே தெரிந்திருந்தது. பொட்டாசியம் குறைந்தாலும் இலையின் ஓரமே முதலில் மஞ்சளாகிக் கருகுவதால், அறிகுறியைத் தவறாகப் படித்து அதே உரத்தை மேலும் இட்டுவிட வாய்ப்புண்டு.

மத்தியப் பிரதேசத்தின் மால்வா கரிசலில் நிலைமை வேறு. அங்கு எக்டேருக்குப் பரிந்துரைக்கப்படும் 40 கிலோ பொட்டாஷுக்கு 67 கிலோ மியூரியேட் போதும். அதனுடன் வரும் சுமார் 31 கிலோ குளோரைடை, அதைப் போலவே எதிர்மின் தன்மையுள்ள களிமண் பிடித்து வைக்காததால், நீர் தேங்காத வயலில் பருவமழை கீழே இறக்கிவிடுகிறது. எனவே அங்கு எழும் கேள்வி பெரும்பாலும் கந்தகத்தைப் பற்றியது. பரிந்துரை 20 கிலோ. 80 கிலோ சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் இட்டால் 14 கிலோ கிடைக்கும். ஆனால் மணிச்சத்துக்கு (பாஸ்பரஸுக்கு) சிங்கிள் சூப்பர் பாஸ்பேட்டை இடுபவருக்கு அந்த உரமே தேவைக்கு மேல் கந்தகம் தந்துவிடுவதால், விலை கூடிய பொட்டாஷ் வாங்கக் காரணமில்லை என்றே சொல்வேன். கந்தகம் இல்லாத டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) இடுபவருக்குத்தான் சல்ஃபேட்டோ ஜிப்சமோ தேவைப்படுகிறது.

எதைத் தேர்ந்தாலும் விதையைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி இடலாகாது. குறிப்பாக மியூரியேட்டின் உப்புத்தன்மை மற்றதைவிட மிக அதிகமாதலால், ஈரம் குறைந்த மண்ணில் அது முளையின் நீரை இழுத்துக்கொள்ளும்.